தாழம்பூ குங்குமமும் மூன்றாவது பட்டனும்

ஜூன் 9, திங்கள்

சொட்டுநீர்க் குழாய்க் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மிக்ஸி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். காரணம் இருக்கிறது. பேத்தி மிதுனா பெங்களூரில் இருந்து பெட்டி படுக்கையோடு வந்துவிட்டாள்.

அவள் கம்பெனியில் முப்பது பேரைக் குறைத்தார்களாம். இவளும் அதில் ஒருத்தி. குறைத்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

வந்ததும் வராததுமாகப் போனில் ‘ஈரோடு குங்குமம்’ என்று தட்டித் தேடினாள். மணிக்கூண்டுப் பக்கம் நாற்பத்தாறு வருஷமாக இருக்கிற நம் பொன்னாச்சி மஞ்சள் குங்குமக் கடை நாலாம் பக்கத்தில் வந்தது. நமக்கு மேலே யார் யார் என்று பார்த்தேன். குங்குமம் என்று பெயர் வைத்த ஒரு பட்டுப்புடவைக் கடை. நெற்றி அரிப்புக்கு வைத்தியம். குங்குமம் கைதவறிக் கொட்டினால் என்ன பலன் என்று ஒரு ஜோசியர். இவர்களுக்கெல்லாம் அப்புறம் நான்.

“நாலாம் பக்கத்துல இருக்கறதும் பொட்டிக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான்” என்றான் என் மகன் குழந்தைவேலு. அவன் மஞ்சள் மண்டியில் கமிஷன் ஏஜென்ட். எதையும் ஏலம் விடுகிற குரலில்தான் பேசுவான்.

“அஞ்சு வாரம் குடுங்கப்பா. மொதப் பக்கத்துக்குக் கொண்டாந்து காட்டறேன். காட்டிட்டா இதையே என் தொழிலா எடுத்துக்குவேன். நம்ம கடைல ஆரம்பிச்சு, ஊர்ல இருக்கற கடைக்கெல்லாம் பண்ணிக் குடுப்பேன்.”

“காட்டாட்டி?”

“நீங்க சொல்ற கோயமுத்தூர் கம்பெனில போய் உக்காந்துக்கறேன்.”

“ஆடி ஒண்ணு” என்று நாள் குறித்தான். கோயம்புத்தூர்க்காரரின் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். வைத்தேன்.

எனக்கு இதில் ஒன்றும் கிடையாது. போகிறவள் போகட்டும், இருக்கிறவள் இருக்கட்டும். கடையை ஒட்டின எங்கள் வீட்டில் மாடி அறை மெத்தையை மட்டும் வெயிலில் போட்டேன். புது பல்பு மாட்டச் சொன்னேன். கொசுவலையும் வாங்கியாயிற்று. அவளுக்குப் பிடிக்குமே என்று கம்பு ஊறப் போட்டேன்.

ஜூன் 11, புதன்

நம் கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போன வருஷமே போட்டிருந்தோம். படமெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் நாலாம் பக்கம் என்று மிதுனாவிடம் கேட்டேன்.

அவள் அலமாரியில் இருந்து மூன்று பாட்டில்களை எடுத்து வந்து, சீட்டுகள் தெரியாதபடி திருப்பி வைத்தாள். “இதுல எது கடலைமாவு, எது கஸ்தூரி மஞ்சள், எது சமையல் மஞ்சள்? சொல்லுங்க பாக்கலாம்.”

“தெறந்து மோந்து பாத்தாத் தெரிஞ்சு போகுது.”

“உங்களுக்கு மூக்கு இருக்குது அப்பத்தா. தேடற மிஷினுக்கு மூக்கும் கெடையாது, நாக்கும் கெடையாது. அதுக்கு எல்லாமே மஞ்சளா ஒரு பொடி. சீட்டு ஒட்டுனாத்தான் எது என்னன்னு தெரியும்.”

பிறகு அந்தச் சீட்டைக் காட்டினாள். பக்கத்துக்குப் பின்னால், வாங்க வருகிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில் எழுதுவது. இது பொருள், இது அதன் பெயர், இது எடை, இது விலை, இது கடை இருக்கும் தெரு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு வளைவு, முடிவில் ஒரு வளைவு. மீசையை முறுக்கி விட்ட மாதிரி இருக்கிறது. நடுவில் எல்லாம் இங்கிலீஷ். நான் அஞ்சாவது வரை படித்தவள். அஞ்சாவதில் முதல் ரேங்க்.

ஒரு கமா விட்டுப்போனாலும் மொத்தச் சீட்டும் செல்லாதாம். எங்கள் கணக்கு வாத்தியாரே இதற்குத் தேவலை.

ஜூன் 14, சனி

இன்று சீட்டு எழுதும் வேலை. மிதுனா கேட்கக் கேட்க நான் சொன்னேன். பொட்டலம் போடுகிற சம்பூரணமும் கூட உட்கார்ந்துகொண்டாள். கடையில் இருபது வருஷமாக இருக்கிறாள். நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்றரை சொல்லுவாள்.

“கடை தெறக்கற நேரம்?”

“எட்டு மணி. திங்கக்கெழமை மட்டும் ஒம்பது.”

“அதென்ன திங்கக்கெழமை?”

“ஏழரையில இருந்து ஒம்பது ராகு காலம், அம்மிணி. அந்நேரத்துல எவ ஷட்டரத் தூக்குவா?”

முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். ஆனால் எழுதினாள். கிழமைக்குக் கிழமை வேறு நேரம் எழுத அந்தச் சீட்டில் இடம் இருக்கிறதாம்! எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற மிஷினுக்கு ஈரோட்டுத் திங்கட்கிழமை ராகு காலம் எப்போது முடியும் என்று இனிமேல் தெரியும். எனக்கு இரண்டு டம்ளர் காப்பி குடித்த மாதிரி இருந்தது.

“நட்சத்திரம் போடவும் எடமிருக்குதா?” என்று கேட்டேன். சில கடைகளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக மின்னுகிறதைப் பார்த்திருக்கிறேன்.

“இருக்குது.”

“அப்ப அஞ்சு போடு. ரெண்டாயிரம் பேரு குடுத்தாங்கன்னு போடு.”

“மூவாயிரம்னே போடச் சொல்லுங்மா. எழுதற கைக்கு என்ன வலிக்குதா?” என்றாள் சம்பூரணம்.

மிதுனா சிரிக்கவில்லை. “யாரும் குடுக்காத நட்சத்திரத்த நாமளே ஒட்டிக்கக் கூடாது. கண்டுபிடிச்சாத் தூக்கி வெளிய போட்டுருவாங்க. சீட்டுல எழுதறது நம்ம இன்டர்நெட் பக்கத்துல இருக்கோணும். பக்கத்துல போட்டது கடைல இருக்கோணும். அவ்வளவுதான் இந்த வேலை.”

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. நாற்பத்தாறு வருஷமாக நான் சொல்வதும் இதைத்தானே! சீட்டில் நூறு கிராம் என்றால் டப்பாவில் நூறு கிராம். சீட்டில் தாழம்பூ என்றால் மூக்கில் தாழம்பூ. யாரும் சொல்லித் தராமலே இவளுக்கு இது வந்திருக்கிறது. ரத்தம் எங்கே போகும்.

குழந்தைவேலுவை மட்டும் அது சுற்றிக்கொண்டு போய்விட்டது போல.

ஜூன் 19, வியாழன்

எழுதின சீட்டு சரியா என்று பார்த்துச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது. அதில் கொடுத்தோம். பச்சை டிக் விழுந்தது. முப்பத்திரண்டு பொருளுக்கும் முப்பத்திரண்டு டிக். பரீட்சையில் கூட எனக்கு இத்தனை விழுந்ததில்லை.

ரேஷன் கடையில் சொன்னேன். கீரைக்காரம்மாவிடம் சொன்னேன். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்து இதைத்தான் சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

மிதுனா என் போனில் ஒரு புதுப் பக்கம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். முப்பத்திரண்டு பொருளும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டன். பச்சை ‘இருக்கு’. சிவப்பு ‘இல்லை’. தினமும் சாயங்காலம் அலமாரியைப் பார்த்து நான் அழுத்த வேண்டும். நான் அழுத்தினால் பின்னால் இருக்கிற சீட்டு தானாக மாறிக்கொள்ளுமாம்.

பொறுப்பான வேலை. யாரிடமும் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள்.

“ஏஞ்சாமி, குங்குமக் கடைல செவப்பு எப்படி ‘இல்லை’ ஆகும்?” என்று கேட்டேன்.

“ஊர் ஒலகமெல்லாம் அப்படித்தான் அப்பத்தா.”

சரி, ஊர் உலகம். ஆனால் நம் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம் இவை தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று வாயால் சொல்வது கிடையாது. நிறைந்திருக்கிறது என்போம். கடையிலும் அதேதான். “தாழம்பூ நெறைஞ்சிருக்குதுங்க, வர்ற வெள்ளிக்கெழம வாங்க” என்றால் வந்தவருக்கு விளங்கிவிடும், கோபமும் வராது. இருந்ததை இல்லை என்று சொல்லிச் சொல்லி ஒரு கடை உருப்பட்டதாக நான் கேட்டதில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாம் பக்கம்!

சும்மா பெயர் மட்டும் இல்லை. தாழம்பூ குங்குமத்தின் படம், பக்கத்தில் விலை, அதன் பக்கத்தில் ‘இருப்பு உள்ளது’. மேலே இருக்கிற பட்டுப்புடவைக்காரருக்குப் படமே இல்லை. சம்பூரணம் ஜல்லடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மிதுனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். எழுபத்தொரு வயதில் குதிக்கக் கூடாது என்று எந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது?

ராத்திரிச் சாப்பாட்டில் குழந்தைவேலு, “ரெண்டாம் பக்கம் மொதப் பக்கமாகாது” என்றான். நான் அவன் தட்டில் இரண்டாவது தோசையை வைக்காமல் எடுத்துக்கொண்டு போனேன். “மொதத் தோசை இருக்குதல்ல, அது போதும்” என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஆர்டர் வருகிறது. திருப்பூர், கரூர், சேலம், ஒன்று மைசூர். ஆடி வரப்போகிறதே, அம்மன் கோயில் எல்லாம் குங்குமம் கேட்கும். முன்பு பக்கத்துத் தெருவில் கேட்டார்கள். இப்போது மைசூரில் கேட்கிறார்கள். சம்பூரணத்துக்கு முகவரி ஒட்டி ஒட்டி நாக்கெல்லாம் பசையாகிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

விளக்கு வைத்த பிறகு பார்த்தேன். தாழம்பூ குங்குமம் நிறைந்தது. போனை எடுத்தேன். வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன், நூற்றைம்பது. குண்டு மஞ்சளை உடைத்து, படிகாரமும் வெங்காரமும் சேர்த்து எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போட்டேன். இனி அது சிவக்க வேண்டும், நிழலில் காய வேண்டும், அரைக்க வேண்டும், தாழம்பூ வாசம் ஏற வேண்டும். ஒன்பது நாள் பிடிக்கும். ஆனிக் காற்று அடிக்கிற அடியில் எட்டு நாளில் ஆகலாம்.

“அடுத்த ஈடு இருவதாந் தேதிதானுங்மா போடோணும்? இதென்ன அவசரம்?” என்றாள் சம்பூரணம்.

“சும்மாதான். கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“கை சும்மா இருக்குது. அந்த மேசை டிராயர்ல ஏழு ஆர்டர்ச் சீட்டுத்தான் சும்மா இருக்க மாட்டாம எட்டி எட்டிப் பாக்குது.”

இவளுக்குக் கண் இரண்டா நாலா?

ஜூலை 8, செவ்வாய்

நமக்கு ஒரு நட்சத்திரம் வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. அஞ்சுக்கு ஒன்று.

பொள்ளாச்சியில் இருந்து கலாமணி என்பவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது என்று போட்டு ஏமாற்றுகிறார்கள், தாழம்பூ குங்குமம் கேட்டு நாலு நாளாயிற்று, இன்னும் அனுப்பவில்லை, இந்தக் கடையை நம்பாதீர்கள். அத்தனை பேரும் படிக்கிற இடத்தில்.

மிதுனா மாடியில் இருந்து இறங்கி வந்தாள். “அப்பத்தா, தாழம்பூ தீந்தன்னைக்கு நீங்க பட்டன் அமுத்துனீங்கதானே?”

“பட்டனத் தொட்டேன் சாமி” என்றேன்.

தொட்டது உண்மை. முந்தானையால் போனைத் துடைத்தபோது தொட்டேன்.

“அப்ப நான் எழுதுனதுலதான் கோளாறு. நீங்க அமுத்தறது சீட்டுக்குப் போய்ச் சேரல. எங்கியோ ஒரு கமா விட்டுப்போச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டு மேலே போனாள்.

தேடிப் பார்த்தோம். மூன்றாம் பக்கம். இதனாலா வேறு எதனாலா என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

கமாவைத் தேடுகிறாள். கம்பு தோசை கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சை மிளகாய்ச் சட்னியோடு கொடுத்தேன். முட்டையும் அவித்துக் கொடுத்தேன். எதையும் தொடவில்லை.

மஞ்சள் நன்றாகச் சிவந்து வருகிறது.

குழந்தைவேலு கோயம்புத்தூர் நம்பர்ச் சீட்டைக் கேட்டான். எங்கே வைத்தேனோ, நினைவே வரவில்லை. வயசாகிறது.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மாடிக்குப் போனேன். மிதுனா தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் மூடியிருந்தது. “ரெண்டு நாளாத் தேடிட்டேன் அப்பத்தா. எல்லாம் சரியா இருக்குது. ஆனாத் தப்பு நடக்குது. என் தப்பு எதுன்னே எனக்குத் தெரியலீன்னா, நான் எப்படி ஊர்க் கடைக்கெல்லாம் பண்ணிக் குடுக்கறது? அப்பா சொல்றதுதான் சரி. கோயமுத்தூருக்கே போறேன்.”

அவள் அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பெட்டியை எடுத்து ஒரு சுடிதாரை மடித்தாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

“கமா எல்லாம் அதது எடத்துலதான் இருக்குது” என்றேன்.

“உங்களுக்கெப்படித் தெரியும்?”

“நாந்தான் அமுத்தல.”

சுடிதார் அப்படியே நின்றது.

“வெள்ளிக்கெழம வெளக்கு வெச்ச பொறகு, குங்குமத்தப் பாத்து, இல்லைன்னு இந்தக் கையால எப்படி அமுத்தறது? நீயே சொல்லு.”

“அப்பத்தா! ரெண்டு நாளா நான் ஒரு கமாவத் தேடிட்டிருந்தேன்!”

“நீ தேடுனது கமா. கெடச்சது நானு.”

முதலில் என்னை முறைத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்தாள். அப்புறம் சிரித்தாள், சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்து அதே மூச்சில் அழுதாள். முழுதாக ஒரு பொட்டலம் கட்டுகிற நேரம் இரண்டும் நடந்தது. நான் முதுகைத் தடவினேன்.

“பொய் எழுதலைடி. மங்கலமாத்தான் விட்டு வெச்சேன்” என்றேன்.

“மங்கலம் சரிங்க அப்பத்தா. நேர்ல வந்தவங்களுக்கு உங்க மொகம் தெரியும், நெறைஞ்சிருக்குதுன்னாப் புரிஞ்சுக்குவாங்க. பொள்ளாச்சில இருக்கறவங்களுக்குச் சீட்டு மட்டுந்தானே தெரியும்? சீட்டுல தாழம்பூன்னா மூக்குல தாழம்பூ. யாரு சொன்னது?”

நான்தான் சொன்னது. நாற்பத்தாறு வருஷமாகச் சொன்னது. ஊருக்கெல்லாம் சொன்னது இன்று எனக்கே திரும்பி வந்தது.

கம்பு தோசை ஆறு தின்றாள். எண்ணினேன்.

ஜூலை 11, வெள்ளி

டிராயரில் இருந்த ஏழு சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நானே போன் செய்தேன். ஆறு பேர் சரி என்றார்கள். பதினஞ்சாம் தேதி அனுப்புகிறேன் என்றேன், காத்திருக்கிறோம் என்றார்கள். பொள்ளாச்சிக் கலாமணிதான் கடைசி. எடுத்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்குதா? ஆடி மொத வெள்ளிக்கு நாப்பது பேத்துக்குத் தாம்பூலம் குடுக்கறேன். உங்க குங்குமத்த நம்பி உக்காந்திருக்கறேன். இல்லைன்னா இல்லைன்னு போட்டுத் தொலையறதுக்கு என்னங்க கேடு?”

“தப்பு எம்மேலதானுங்க. அன்னைக்கு வெள்ளிக்கெழம, வெளக்கு வெச்சாச்சு. அந்நேரத்துல குங்குமம் இல்லைன்னு நீங்க சொல்லுவீங்களா, சொல்லுங்க பாக்கலாம்.”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற ஓசை கேட்டது. அது நின்றது.

“...நானுஞ் சொல்ல மாட்டேனுங்க” என்றார்.

“ஆடி வெள்ளிக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்க கைல இருக்கும். இது சீட்டுல எழுதலீங்க, வாயால சொல்றேன்.”

“உங்களுக்கு என்ன வயசுங்க?”

“எழுவத்தொண்ணு.”

“எங்கம்மா இருந்தா இந்நேரம் உங்க வயசுதான். சரி வைங்க, அடுப்புல கொழம்பு.”

சாயங்காலம் மிதுனா கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். கலாமணி எழுதினதை மாற்றிவிட்டார். ஒன்று நாலாகிவிட்டது. ‘கடைக்காரம்மா போன் செய்து பேசினார். அஞ்சாவது நட்சத்திரம் குங்குமம் வந்த பிறகு.’

மண்டியில் கூட இப்படிக் கறாரான ஆளைக் குழந்தைவேலு பார்த்திருக்க மாட்டான்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை பரபரக்கிறது.

மிதுனா காலையில் இருந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் எல்லாரும் ஒரே மாதிரி சீட்டு எழுத ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்களாம். எந்தச் சீட்டுக்கு என்னென்ன சொல் எழுதலாம் என்று அதில் இருக்கும். திடீரென்று, “அப்பத்தா, இங்க வாங்க!” என்று கூப்பிட்டாள். அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை விட்டுவிட்டுப் போனேன்.

“இருக்குது, இல்லை, ரெண்டுதான்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னொண்ணும் வெச்சிருக்காங்க. இப்ப கைல கெடையாது, ஆனா வந்துட்டே இருக்குது, இன்ன தேதிக்கு வரும், நீங்க இப்பவே சொல்லி வெச்சுக்கலாம். இதுக்குன்னே ஒரு சொல்லு!”

“அதாவது, வருது.”

“ஆமா. வருது.”

யோசித்துப் பார்த்தேன். இந்தப் பட்டியலை எழுதினவர் எந்த நாட்டுக்காரரோ. அவர் வீட்டிலும் ஒரு அப்பத்தா இருந்திருப்பாள். “இல்லைன்னு எழுதாதடா கண்ணு” என்று அவர்கள் பாஷையில் சொல்லியிருப்பாள்.

மத்தியானத்துக்குள் என் போனில் சிவப்புப் பட்டன் போய்விட்டது. அந்த இடத்தில் மஞ்சள் பட்டன். ‘வருது’. தொட்டால் எந்தத் தேதி என்று கேட்கிறது. தாழம்பூ குங்குமத்துக்குப் பதினஞ்சு என்று போட்டேன். உண்மை. மங்கலம். இரண்டும் ஒரே பட்டனில்.

சும்மாவே நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். “போதும் அப்பத்தா, மிஷினு மெரண்டுக்கும்” என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று கைகொடுத்தது. நேற்று அரைத்தோம். இன்று விடியக்காலையில் சலித்தோம். நிறம் எப்படி என்றால், சம்பூரணம் தும்மினால் கூடச் சிவப்பாகத் தும்மினாள். ஏழு பேருக்கும் முதலில் கட்டினோம். பொள்ளாச்சிப் பொட்டலத்தை நானே கட்டினேன், பஸ் பார்சலில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கூட ஒரு கஸ்தூரி மஞ்சளும் வைத்தேன். அது நட்சத்திரத்துக்காக இல்லை.

தேடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “ஆடி ஒண்ணு வரைக்கும் பாக்கறதில்லீன்னு வெச்சிருக்கேன்” என்றாள். நகத்தைக் கடித்துக் கடித்துப் பாதிதான் இருக்கிறது.

ஜூலை 16, புதன்

பொன்னாச்சியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். எதற்கு என்று ஐயர் கேட்டார். பொதுவாக என்றேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

குழந்தைவேலு குளித்து விபூதி பூசி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். மிதுனா தன் போனை நீட்டினாள். வாங்க மாட்டேன் என்றான். “உன்ற போனுக்கு உன்னைத் தெரியும். உனக்குப் புடிச்சதத்தான் காட்டும். என்ற போனும் வேண்டாம்.”

இவ்வளவு விவரம் இவனுக்கு எங்கிருந்து வந்தது? அந்நேரத்துக்குப் பார்சல் எடுக்கிற கூரியர்க்காரர் வாசலில் வந்து நின்றார். வயது ஐம்பது இருக்கும். “ஏனுங்க, உங்க போன சித்த குடுங்க. குங்குமம் வாங்கறதுக்கு நீங்க எப்பவாச்சும் தேடியிருக்கறீங்களா?” என்று குழந்தைவேலு அவரைக் கேட்டான்.

“நான் முருக பக்தனுங்க. விபூதிதான்” என்றார் அவர்.

“அப்பச் சரி” என்று வாங்கி, ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். ஈரோடு குங்குமம்.

மிதுனா என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸ். என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். சம்பூரணம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தைவேலு மேலே இருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தான். புடவைக் கடை. ஜோசியர். யாரோ. யாரோ. இன்னும் யாரோ. தள்ளிக்கொண்டே போனான். பக்கம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டான்.

நின்றான்.

“பொன்னாச்சி” என்றான்.

முதல் பக்கம்! கடைசி வரிசை. ஆனால் முதல் பக்கம். படம், விலை, நாலு நட்சத்திரம்.

“கடைசில இருக்குது” என்றான்.

“பந்தில கடைசி எலைன்னாலும் எலை எலைதான்டா!” என்றேன். சம்பூரணம் குலவை போட்டாள். கூரியர்க்காரர் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்து, “நம்ம கடையா இது? எங்கூட்டுக்காரிக்கு ஒரு நூறு கிராம் குடுங்க” என்றார். மிதுனா அவள் அப்பனைக் கட்டிக்கொண்டாள். அவன் விபூதி எல்லாம் அவள் தலையில்.

கொஞ்சம் அடங்கிய பிறகு குழந்தைவேலு தொண்டையைச் செருமினான். “பேச்சு பேச்சுதான். கோயமுத்தூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லோணும், எடத்தப் புடிச்சு வெச்சிருக்கறாரு. அந்த நம்பர்ச் சீட்டு கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லியேம்மா.”

சமையலறைக்குப் போனேன். மிளகு டப்பாவுக்கு அடியில் இருந்தது. எப்படி அங்கே போயிற்றோ. கொண்டுவந்து கொடுத்தேன். அவன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மிளகு வாசம் அடிக்கிறதே என்றான்.

போன் போட்டான். அந்தப் பக்கம் அவர் எடுத்ததும் இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பெரிய மனிதர், உதவி செய்ய வந்தவர். அவரிடம் வேண்டாம், வரவில்லை, இல்லை என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தான், மூடினான். என் பக்கம் திரும்பினான்.

பிறகு சொன்னான்: “அண்ணா, நம்ம பாப்பாவுக்கு இங்கியே வேலை நெறைஞ்சிருக்குதுங்கண்ணா.”

அவன் என் மகன்தான். சுற்றிக்கொண்டு போனது திரும்பி வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி. ஆடி முதல் வெள்ளி

பொள்ளாச்சியில் இருந்து அஞ்சாவது நட்சத்திரம் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. எதிர்வரிசை எவர்சில்வர்க் கடைக்காரர், எங்கள் கடைக்கும் சீட்டு ஒட்டித் தரச் சொல்லி மிதுனாவைக் கேட்டார். ராகு காலம் முடிந்து வருகிறேன் என்றாள்.

விளக்கு வைத்தேன். தாழம்பூ குங்குமம் நிறைந்திருக்கிறது. மஞ்சள் பட்டனை நானே அழுத்தினேன்.